தாமரைக்கிழங்கு, எழுபது கலோரி

பள்ளிக்கூடச் சமையல்கூடத்தில் அறுநூறு பிள்ளைகளும் சாப்பிட்டுத் தட்டைப் போட்டுவிட்டுப் போன பிறகு, சமைக்கிற பெண்களுக்கு இருபது நிமிடம் ஓய்வு. மற்றவர்கள் காலை நீட்டிச் சாய்வார்கள். ஹேரான் ரப்பர் கையுறையை உருவிப் போட்டுவிட்டுப் போனில் சாப்பாட்டுக் கணக்கு எழுதுகிற ஆப்பைத் திறப்பாள். தன் கணக்கைப் பார்க்க அல்ல. ஓரகத்தி நாரே மதியம் என்ன தின்றாள் என்று பார்க்க.

அன்றைக்கும் பார்த்தாள். சோறு அரைக் கிண்ணம். வெள்ளரிக்காய் நாலு துண்டு. அதற்குக் கீழே, 'தாமரைக்கிழங்கு, சோயாவில் சுண்டவைத்தது, ஒரு சின்னத் தட்டு, 70 கலோரி.'

எழுபதாம். ஹேரானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தத் தாமரைக்கிழங்கைச் சுண்டவைத்தவள் அவள்தான். சனிக்கிழமை காலையில் எத்தனை கரண்டி அரிசிப் பாகு ஊற்றினாள், இறக்கும்போது எவ்வளவு நல்லெண்ணெய் விட்டாள் என்பது அவளுக்குத் தெரியாதா? எவ்வளவு சின்னத் தட்டானாலும் நூற்றெண்பதுக்குக் குறையாது. ஆனால் அந்த ஆப்பில் தாமரைக்கிழங்கு என்று தேடினால் பதினான்கு பதில்கள் வந்து நிற்கும். யார் யாரோ தங்கள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு மனம்போன போக்கில் எழுதிவைத்தவை. ஒருத்தி நாற்பது என்பாள், இன்னொருத்தன் முந்நூற்றுப் பத்து என்பான். அதில் நாரே தன் சௌகரியத்துக்கு எழுபதைப் பொறுக்கிக்கொண்டாள் என்பது ஹேரானின் தீர்மானம்.

சரி, பொய்க்கணக்கு எழுதுகிறவள் எழுதிவிட்டுப் போகட்டும். அவள் இளைத்துக்கொண்டே போவதுதான் அக்கிரமம். ஏழு வாரத்தில் நாரே நாலு கிலோ எண்ணூறு கிராம் இறங்கியிருந்தாள். ஹேரான் நானூறு கிராம். அதுவும் முடி வெட்டிக்கொண்ட வாரத்தில்.

எல்லாம் ஒரு போட்டோவால் வந்தது. நவம்பரில் மாமியாருக்கு எழுபது வயது நிறைகிறது. "குடும்பத்தோட ஸ்டுடியோவுக்குப் போய் ஒரு படம் எடுத்துக்கணும். கீழ ஜீன்ஸ், மேல வெள்ளைச் சட்டை. இப்ப எல்லார் வீட்லயும் அப்படித்தான் மாட்டியிருக்காங்க" என்று கிழவி கோடையிலேயே சொல்லிவிட்டாள். பண்டிகைக்கு உடுத்துகிற பழையகால ஹன்போக் என்றால் ஹேரானுக்குக் கவலையே இல்லை. நெஞ்சிலிருந்து பாதம்வரை விரிந்து தொங்கும் அந்தப் பாவாடைக்குள் ஒரு சோற்றுப் பானையைக் கட்டிக்கொண்டு நின்றாலும் வெளியே தெரியாது. ஜீன்ஸ் அப்படியா? இருப்பதைக் காட்டுவதோடு நிற்காது, கொஞ்சம் சேர்த்தும் காட்டும்.

பத்து வருடத்துக்கு முன்னால், மாமியாரின் அறுபதாவது வயதில் எடுத்த படம் அந்த வீட்டுக் கூடத்தில் சோபாவுக்கு மேலே கதவகலத்துக்குத் தொங்குகிறது. அதில் மாமியார் நாற்காலியில். ஓரத்தில் அப்போதுதான் கல்யாணமாகி வந்த நாரே, தலையிலிருந்து கால்வரை முழுசாக. ஹேரான் நாற்காலிக்குப் பின்னால், பாதி. "அந்தம்மா கொஞ்சம் பின்னால போயிடுங்க, நாற்காலிக்குப் பின்னாடி" என்று போட்டோக்காரன் சொன்னபோது ஏன் சொல்கிறான் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. ஒவ்வொரு பண்டிகைக்கும் அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் ஹேரான் பேரிக்காய் சீவுவாள். இந்தத் தடவை நாற்காலிக்குப் பின்னால் போகப் போவதில்லை என்று அவள் மனசுக்குள் முடிவு செய்திருந்தாள். புருஷனிடம்கூடச் சொல்லவில்லை.

ஆப் யோசனை நாரேயுடையது. "அக்கா, நாம ரெண்டு பேரும் சேர்ந்து போட்டுக்கலாம். நீங்க எழுதறத நான் பார்ப்பேன், நான் எழுதறத நீங்க பாருங்க. ஒருத்தருக்கு ஒருத்தர் வெக்கப்பட்டாவது வாயைக் கட்டுவோம்" என்றாள். அப்போது அவள் எடை அறுபத்தொன்று. ஹேரான் எழுபத்திரண்டு. அறுபத்தொன்று கிலோவை வைத்துக்கொண்டு இவளுக்கு என்ன வாய்க்கட்டு வேண்டிக்கிடக்கிறது என்று ஹேரானுக்குத் தோன்றியது. ஆனாலும் சரி என்றாள். பின்வாங்கினால் தோற்ற மாதிரி ஆகிவிடுமே.

ஒன்றில் இறங்கினால் ஹேரான் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. சமையல் தராசு ஒன்று வாங்கினாள். சோறு நூற்று நாற்பது கிராம். கிம்ச்சி மூன்று துண்டு என்றால் மூன்று துண்டையும் தராசில் வைத்து எடுத்துத்தான் வாயில் போட்டாள். ஆப்பில் இருந்த கேமராவை நம்பி முதல் வாரம் ஏமாந்தாள். அவள் சுண்டவைத்த கறுப்பு பீன்ஸை அது புளூபெர்ரி என்றது. நெத்திலி வறுவலை உருளைக்கிழங்குச் சீவல் என்றது. கண்ணுக்குத் தெரிகிறதையே தப்பாகச் சொல்கிற இது, அடியில் நிற்கிற எண்ணெயை எங்கே பார்க்கப் போகிறது என்று கேமராவை விட்டுவிட்டு எல்லாவற்றையும் கையாலேயே எழுதினாள். நடுமேசையில் குழம்புச் சட்டியை வைத்து நாலு பேரும் கரண்டியை விடுகிற வீட்டில், அவள் மட்டும் தன் பங்கைத் தனிக் கிண்ணத்தில் ஊற்றி எடை போட்டாள்.

"என்ன ஹேரான், எங்க எச்சில்ல எத்தனை கலோரின்னு கண்டுபிடிச்சிட்டியா?" என்றான் புருஷன் தேசிக்.

"உங்க வாயை எடை போட்டா தராசு உடைஞ்சிடும். பேசாம சாப்பிடுங்க."

இப்படி உண்மையாக எழுதினவளுக்கு நானூறு கிராம். எழுபது கலோரிக்காரிக்கு ஏறக்குறைய ஐந்து கிலோ. தெய்வம் என்று ஒன்று இருந்தால் அதுவும் ஒல்லியானவர்கள் பக்கம்தான் என்று ஹேரான் சமையல்கூடத்தில் வாய்விட்டே சொன்னாள்.

சனிக்கிழமை தோறும் ஹேரான் இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரு வாரத்துக்கான தொட்டுக்கொள்ளுகிற வகையறாக்களைச் செய்வாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமியாரிடம் கைப்பழக்கமாகக் கற்றுக்கொண்டவை. பத்து மணிக்கு நாரே வந்து கீரை அலசுவாள், பூண்டு உரிப்பாள், பாத்திரம் கழுவுவாள். உப்பு, சோயா, எண்ணெய் சேர்க்கிற இடம் வந்ததும் "நீ விடு, நான் பார்த்துக்கறேன்" என்று ஹேரான் கரண்டியை வாங்கிக்கொள்வாள். மதியம் நாரே ஆறு டப்பாக்களில் நிரப்பிக்கொண்டு போவாள். அடுத்த வாரம் டப்பாக்கள் பளபளவென்று கழுவித் திரும்பி வரும். வெறும் டப்பாவாக வராது. ஒன்றில் சீமைப் பனிச்சைப் பழம், ஒன்றில் பிஸ்கட் என்று ஏதாவது இருக்கும். கழுவித் திரும்பி வருவதால் எல்லாம் வயிற்றுக்குள் போயிருக்கிறது என்பதில் ஹேரானுக்குச் சந்தேகமே இல்லை.

எட்டாவது வாரம் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை என்று சொல்ல முடியாது. அடுப்பில் இரண்டு சட்டி வைத்தாள். ஒன்று தன் வீட்டுக்கு. மற்றது நாரேயின் டப்பாவுக்கு. அந்த இரண்டாவது சட்டியில் அரிசிப் பாகை இரண்டு மடங்கு ஊற்றினாள். கீரையில் நல்லெண்ணெயைத் தாராளமாக விட்டாள். கொழுப்பில்லாத மாட்டுக்கறிக்குப் பதில் கொழுப்போடு இருந்ததை எடுத்துச் சோயாவில் வேகவைத்தாள். நாரே தொட்டியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எழுபது என்று எழுதுவாய் அல்லவா, எழுது பார்க்கலாம் என்று ஹேரான் அவள் முதுகைப் பார்த்துச் சொல்லிக்கொண்டாள், சத்தம் வராமல்.

செவ்வாய்க்கிழமை கொழுந்தன் போன் செய்தான். "அண்ணி, இந்த வாரம் தாமரைக்கிழங்கு பிரமாதம். ரெண்டு கிண்ணம் சோறு உள்ள போச்சு. என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யல. எப்பவும் போலத்தான்."

"கைப்பக்குவம் கூடிக்கிட்டே போகுது அண்ணி உங்களுக்கு."

ஞாயிற்றுக்கிழமை எடை பார்த்தார்கள். நாரே இன்னும் அறுநூறு கிராம் குறைந்திருந்தாள். ஹேரான் முந்நூறு கூடியிருந்தாள். தேசிக் தராசைத் தூக்கி அலமாரிக்கு மேலே வைத்தான். அவள் நாற்காலி போட்டு ஏறி எடுத்துக் கீழே வைத்தாள்.

பத்தாவது வாரம் சந்தையில் தாமரைக்கிழங்கு நன்றாக இல்லை. உள்ளே கறுத்திருந்தது. அதனால் அந்தச் சனிக்கிழமை அவள் உருளைக்கிழங்கைச் சோயாவில் சுண்டவைத்தாள். நாரேக்குப் பல் டாக்டரிடம் போக வேண்டியிருந்ததால் அன்றைக்கு அவள் வரவில்லை. கொழுந்தன்தான் வந்து டப்பாக்களை எடுத்துக்கொண்டு போனான். அவன் குனிந்து பையைத் தூக்கியபோது பெல்ட்டுக்கு மேலே சட்டை பிதுங்கியதை ஹேரான் பார்த்தாள், ஆனால் அதைப் பற்றி ஒன்றும் யோசிக்கவில்லை. ஆம்பிளைக்கு வயிறு போட்டால் யார் யோசிக்கப் போகிறார்கள்.

புதன்கிழமை ஓய்வு நேரத்தில் போனைத் திறந்தாள். சோறு அரைக் கிண்ணம். வெள்ளரிக்காய். 'தாமரைக்கிழங்கு, சோயாவில் சுண்டவைத்தது, ஒரு சின்னத் தட்டு, 70 கலோரி.'

ஹேரான் எழுந்து நின்றுவிட்டாள். செவ்வாயைப் பார்த்தாள். தாமரைக்கிழங்கு. திங்கள், ஞாயிறு, எல்லாவற்றிலும் தாமரைக்கிழங்கு. இல்லாத கிழங்கை நாலு நாளாகத் தின்றுகொண்டிருக்கிறாள் மகராசி.

இத்தனை வாரமாக அவள் நெஞ்சில் கிடந்த பாரம் ஒரே மூச்சில் இறங்கியது. பொய்தான். முழுப் பொய். அப்படியென்றால் எடையும் பொய்யாகத்தான் இருக்கும், ஏதோ மாத்திரை தின்கிறாள், அல்லது பட்டினி கிடக்கிறாள். எதுவானாலும் இன்றைக்கே அவள் வீட்டுக்குப் போய், மேசையில் போனை வைத்து, 'இது என்ன கிழங்கு, சொல்லு பார்க்கலாம்' என்று கேட்டே தீர வேண்டும். வேலை முடிந்ததும் பஸ் ஏறினாள். வழியெல்லாம் அந்தக் கேள்வியை எந்தக் குரலில் கேட்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போனாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் பஸ்ஸில் போய் வெகுநாளாயிற்று.

நாரேயின் அடுக்குமாடி வாசலில், வண்டிகள் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில் உணவுக்கழிவு போடுகிற இயந்திரம் நிற்கிறது. அட்டையைக் காட்டினால் மூடி திறக்கும். கொட்டினால் எத்தனை கிராம் என்று சத்தமாகச் சொல்லும். அதன் முன்னால் வீட்டுச் செருப்போடு நாரே நின்றிருந்தாள். இடுப்பில் ஒரு சட்டி, கையில் ஒரு டப்பா. சட்டியை அவள் கவிழ்த்தாள். "எண்ணூற்று நாற்பது கிராம்" என்றது இயந்திரம்.

ஹேரானுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஒத்திகை பார்த்த குரலெல்லாம் பறந்துவிட்டது.

"என் சாப்பாட்டையா கொட்டறே நீ?"

நாரே திடுக்கிட்டுத் திரும்பினாள். "அக்கா? நீங்க எங்க இங்க?"

"சனிக்கிழமை காலையில அஞ்சு மணிக்கு எழுந்து செய்யறேன். அதைக் கொண்டுவந்து இதுல கொட்டிட்டு, எழுபதுன்னு எழுதறியா? கொடு இப்படி."

டப்பாவைப் பிடுங்கிப் பார்த்தாள். கீரை. ஆனால் அவள் கீரை இல்லை. அவள் இவ்வளவு நீளமாக நறுக்க மாட்டாள். இயந்திரத்துக்குள் எட்டிப் பார்த்தாள். முள்ளங்கி போட்ட கானாங்கெளுத்திக் குழம்பு. இந்த மாதம் அவள் மீனே செய்யவில்லை.

"இது நான் செஞ்சது இல்லையே."

"நான் செஞ்சதுக்கா."

"எதுக்குக் கொட்டறே? கெட்டுப் போச்சா?"

"இல்ல. நேத்துதான் செஞ்சேன். அவர் தொடல."

"நீ சாப்பிட வேண்டியதுதானே."

நாரே வெறும் சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். பிறகு, கேட்டே விட்டீர்களே என்பது போல நிமிர்ந்தாள்.

"உங்க டப்பா மூடியைத் திறக்கும்போதே அவர் முகத்துல ஒரு சிரிப்பு வரும்கா. வாயில போட்டதும் 'அம்மா கை அப்படியே அண்ணிகிட்ட இருக்கு'ம்பார். நான் எதிர்ல உக்காந்திருப்பேன். பத்து வருஷமா நான் செஞ்ச எதையும் அவர் ரெண்டாம் தடவை கேட்டதில்ல. நானும் விடாம செய்யறேன். அவர் உங்களோடதைத் தின்னுட்டு எழுந்து போயிடறார். என்னோடது இங்க வருது."

"அதுக்கு? நீ என்னோடதைத் தின்னியா, இல்லையா?"

"எப்படித் திங்கறது? வயிறு எரியுதே." அதை அவள் தலைவலி இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். "ஆகஸ்ட் மாசத்துலேருந்து ஒரு வாய்கூட இல்லக்கா. உங்களோடது தொண்டையில எறங்கல. என்னோடதைப் பார்த்தா அழுகை வருது. அவிச்ச முட்டை, டோஃபு, அவ்வளவுதான்."

"அப்புறம் எதுக்குத் தாமரைக்கிழங்குன்னு எழுதினே?"

"நீங்க பார்ப்பீங்கல்ல. இவ என் சாப்பாட்டைத் தொடவே இல்லன்னு மனசு கஷ்டப்படுவீங்களேன்னு எழுதினேன். முதல் நாள் ஒரு தடவைதான் தேடி எழுதினேன். அப்புறம் 'நேற்றுப் போலவே'ன்னு ஒரு பட்டன் இருக்கு. தினமும் அதையே அமுக்கிட்டு இருந்தேன்."

"இந்த வாரம் உருளைக்கிழங்கு" என்றாள் ஹேரான்.

நாரே வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

ஹேரானுக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. முதலில் வந்தது குளிர்ச்சி. உள்ளங்காலிலிருந்து உச்சிவரை ஏறியது. இந்த ஒல்லிக் கழுத்துக்காரி, படத்தில் முழுசாக நிற்கிறவள், தன்னைப் பார்த்து வயிறெரிந்து சோறு இறங்காமல் கிடந்திருக்கிறாள். தான் எட்டிப் பார்த்துப் பொருமிய அந்த ஐந்தரைக் கிலோவும் தன்னால் இறங்கியது. அந்தக் குளிர்ச்சி போனபிறகுதான் நாரேயின் கன்னம் ஒட்டியிருப்பது அவள் கண்ணில் பட்டது.

"நானும் ஒண்ணு சொல்லிடறேன்" என்றாள். "உன் டப்பாவுக்கு மட்டும் பாகை ரெண்டு மடங்கு ஊத்தினேன். மூணு வாரமா. எண்ணெயும்."

"எதுக்கு?"

"எதுக்கா? நீ குண்டாகணும்னு."

நாரே அவளையே பார்த்தாள். பிறகு அந்த இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். "அதான் அவர் போன வாரம் பெல்ட்ல புதுசா ஒரு ஓட்டை போட்டுத் தரச் சொன்னார்."

ஹேரானுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அது பாதியில் நின்றது. "நீ தின்னல, எறங்கினே. நான் அளந்து அளந்துதானே தின்னேன். எனக்கு ஏன் எறங்கல?"

"அது எனக்குத் தெரியும்கா."

"என்ன தெரியும்?"

"நீங்க ருசி பார்க்கறதை எழுதறதே இல்ல. ஒரு சனிக்கிழமை எண்ணினேன். முப்பத்தேழு வாய்."

"அது உப்புப் பார்க்கறது. சாப்பாடு ஆகுமா?"

"வயித்துக்கு அது தெரியுமா?"

ஹேரான் மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். சமையல்கூடத்தில் அண்டா அண்டாவாக எல்லாவற்றுக்கும் அவள் நாக்குதான் தீர்ப்பு. ஒவ்வொரு அண்டாவிலிருந்தும் 'ஹேரான், இதைக் கொஞ்சம் பாரு' என்று கூப்பிடுவார்கள். பன்றிக்கறிக்கு மூன்று தடவை, சூப்புக்கு நாலு தடவை, சாஸுக்கு எத்தனை என்று கணக்கே இல்லை. மூன்று துண்டு கிம்ச்சியைத் தராசில் வைத்தவள், ஒரு நாளைக்கு நூறு கரண்டியைக் காற்றில் விட்டிருக்கிறாள்.

"எதுக்கு எண்ணினே?" என்று கேட்டாள், கோபமாகத்தான்.

"எனக்கு அங்க வேற என்ன வேலைக்கா? பத்து வருஷத்துல ஒரு தடவைகூட என்னை உப்புப் பார்க்கச் சொன்னதில்லையே நீங்க."

ஹேரான் கையிலிருந்த டப்பாவில் விரலை விட்டுக் கொஞ்சம் கீரையை எடுத்து வாயில் போட்டாள்.

நன்றாக இருந்தது. கீரையைக் குழையவிடாமல் வேகவைத்து, தண்ணீரை வேண்டிய மட்டும் பிழிந்திருந்தாள். எள்ளை இடித்திருந்த பதம் சரி. பூண்டு முந்திக்கொண்டு வரவில்லை. உப்பு, ஒரு கல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இன்னொரு வாய் எடுத்தாள். ஏதாவது ஒரு குறை அகப்படாதா என்று நாக்கு மூலை மூலையாகத் தேடியது. அகப்படவில்லை. 'உப்புக் கொஞ்சம் கம்மி' என்கிற வார்த்தை அவள் வாயில் தயாராக இருந்தது. அதைச் சொல்லிவிட்டால் எல்லாம் பழையபடி இருக்கும். அவள் டப்பாவைப் பார்த்துத்தான் அந்த வீட்டில் சிரிப்பு வரும். நாரே அதை அப்படியே நம்புவாள்.

"நல்லா இருக்கு" என்றாள். வார்த்தை வெளியே வரும்போது வலித்தது. "என்னோடதைவிட நல்லா இருக்கு."

"சும்மா சொல்றீங்க."

"ருசியில நான் பொய் சொன்னதில்ல."

"பாகுல?"

"அது அளவு. ருசி இல்ல. என் டப்பா இனி பாதிதான் வரும், சொல்லிட்டேன். பசிச்சா உன் புருஷன் எதையும் தின்பான்."

இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்து அந்தக் கீரையைத் தின்றார்கள். தின்றுகொண்டே ஹேரான் போட்டோ விஷயத்தைச் சொன்னாள். நாற்காலி, பாதி உடம்பு, பத்து வருடப் பேரிக்காய், எல்லாம். நாரே வியப்போடு கேட்டாள்.

"அந்த இடமா? அதை எனக்குக் கொடுத்துடுங்கக்கா."

"அங்க நின்னா பாதி ஆள் தெரியாதுடி."

"அந்தப் படத்துல உங்க கை அத்தை தோள்ல இருக்கு. அத்தை உங்க கை மேல தன் கையை வெச்சிருக்காங்க. நான் ஓரமா, ரெண்டு கையையும் தொங்கவிட்டுட்டு, யாரோ வழியில போறவ மாதிரி நிக்கறேன். பண்டிகைக்குப் பண்டிகை நான் அதைத்தான் பார்த்துட்டு இருக்கேன்."

ஹேரான் அந்தக் கையை ஒரு நாளும் பார்த்ததில்லை. எடுத்துக்கோ என்றாள். அப்போது அது அவளுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து ஹேரான் ருசி பார்த்ததையும் எழுத ஆரம்பித்தாள். படம் எடுக்கிற நாளுக்குள் இரண்டு கிலோ இறங்கிவிட்டது. நாரேக்கு ஒரு கிலோ ஏறியிருந்தது. ஸ்டுடியோவில் கொழுந்தனால்தான் ஜீன்ஸ் பொத்தானைப் போட முடியவில்லை. வெள்ளைச் சட்டையை இழுத்துவிட்டு மறைத்துக்கொண்டான். போட்டோக்காரன் நாரேயை முன்னால் கூப்பிட்டான். அவள் கேட்காத மாதிரி நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். ஹேரான் முன்னால் வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

மாமியாரின் பிறந்தநாளன்று மதியம், புதுப் படம் பழையதன் இடத்தில் தொங்கியது. ஹேரான் அதன் கீழே உட்கார்ந்து பேரிக்காய் சீவினாள். தலையிலிருந்து கால்வரை முழுசாக இருந்தாள். நன்றாகவே இருந்தாள். பத்து வருடமாக ஆசைப்பட்டது அதுதான். ஆனால் கண் அங்கே நிற்காமல் நாற்காலிப் பக்கம் போனது. கிழவியின் தோளில் நாரேயின் கை. அந்தக் கைமேல் கிழவியின் கை, அழுத்தமாக. அழுத்தமாகத்தான் தெரிந்தது. ஹேரானின் இரண்டு கைகளும் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன.

"ஜீன்ஸ்ல எவ்வளவு எடுப்பா இருக்கீங்கக்கா" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாரே, படத்தைப் பார்த்தபடி. அந்தக் குரலில் கொஞ்சம் புகை இருந்தது. ஹேரானுக்கு அது தெரியாதா.

உள்ளேயிருந்து மாமியார் கூப்பிட்டாள். "ஹேரான், கடற்பாசி சூப்புக்கு உப்பு சரியா இருக்கா, வந்து பாரு."

ஹேரான் கத்தியைக் கீழே வைத்து எழப் போனாள். பக்கத்தில் நாரே அசையாமல் இருந்தாள், மூச்சுக்கூட விடாமல்.

"நாரே பார்ப்பா, அத்தை" என்றாள் ஹேரான்.

நாரே எழுந்து போன வேகத்தில் பேரிக்காய்த் தோல் தட்டு ஆடியது. கரண்டி சட்டியில் படுகிற சத்தம் கேட்டது. பிறகு மாமியாரின் குரல், "சரியா இருக்கா?" பிறகு நாரேயின் குரல், "சரியா இருக்கு அத்தை."

ஹேரான் கத்தியை எடுத்து மறுபடியும் சீவ ஆரம்பித்தாள். 'உப்புக் கொஞ்சம் கம்மி' என்று உள்ளே பார்த்து ஒரு குரல் கொடுக்கலாமா என்று அவள் நாக்கு துடித்தது. சூப்பை அவள் இன்னும் ருசி பார்க்கவே இல்லை.